டிஸ்டோபியா கதைகளை எங்கே தொடங்குவது? பர்மாத் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சமூகம் முழுக்கக் கெட்டுப்போனால் அதற்குள் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்று கற்பனை செய்து காட்டுபவை டிஸ்டோபியா கதைகள். சிலவற்றில் பயமுறுத்தி ஆளும் அரசு இருக்கும். சிலவற்றில் எல்லாரும் சுகமாகவே இருப்பார்கள், ஆனால் யாருக்கும் சொந்தமாக ஓர் ஆசையோ துக்கமோ இருக்காது. ரங்கூனிலும் மோல்மீனிலும் பெகுவிலும் நம் பிள்ளைகள் இந்தப் புத்தகங்களின் பெயரை எங்கேயாவது கேள்விப்பட்டுத் தேடி எடுக்கிறார்கள். முப்பது பக்கம் தாண்டுவதற்குள் மூடியும் வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. எந்த வரிசையில் வாசிப்பது, எதைக் கவனிப்பது, எங்கே நிதானிப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொடுங்கோலன் கெட்டவன் என்று தெரிந்துகொள்ள யாரும் நாவல் வாசிக்க வேண்டியதில்லை. இந்த வகையின் நல்ல புத்தகங்கள் அவனுக்குக் கீழே இருப்பவர்களைத்தான் உற்றுப் பார்க்கின்றன: கோப்பு எழுதும் குமாஸ்தா, பக்கத்து வீட்டுக்காரர், தெரிந்தும் வாய் திறக்காதவர், கிடைத்த சலுகையை வாங்கி வைத்துக்கொண்டவர். இவர்களில் யாரும் தன்னைக் கெட்டவன் என்று நினைப்பதில்லை. அவர்கள் எந்த இடத்தில் 'சரி' என்று தலையாட்டினார்கள் என்று கையில் பென்சிலோடு தேடுங்கள். அப்படி வாசித்தால்தான் இந்தக் கதைகள் இன்றைய நம் வாழ்க்கையைப் பற்றிப் பேசத் தொடங்கும்.

முதல் படி: நாவலுக்கு முன் இரண்டு கட்டுரைகள்

நேராக '1984' நாவலுக்குப் போகாதீர்கள். அதை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் நம் மண்ணில் வேலை பார்த்தவர். இயற்பெயர் எரிக் பிளேர், பிறந்தது 1903-ல் பீகாரின் மோதிஹாரியில். அவருடைய தாய் வளர்ந்தது மோல்மீனில். 1922-ல் போலீஸ் அதிகாரியாக ரங்கூன் வந்து இறங்கி, மாந்தலேயில் பயிற்சி முடித்து, துவாந்தே, சிரியம், இன்சின், மோல்மீன், கத்தா என்று பல ஊர்களில் இருந்துவிட்டு 1927-ல் போய்விட்டார். அந்த நாட்களை வைத்து எழுதிய இரண்டு சிறு கட்டுரைகள்தான் இந்த வாசிப்புக்குச் சரியான வாசல்.

ஒன்று, 1931-ல் வெளிவந்த, ஒரு தூக்குத் தண்டனையைப் பற்றிய 'எ ஹேங்கிங்' (A Hanging) என்ற கட்டுரை. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். பர்மாவின் ஒரு சிறையில், மழை பெய்து நனைந்த காலையில், ஓர் இந்துக் கைதியைத் தூக்குமேடைக்கு அழைத்துப் போகிறார்கள். இரண்டு பக்கமும் காவலர்கள் பிடித்திருந்தும், வழியில் கிடந்த தண்ணீர்க் குட்டையை மிதிக்காமல் அவன் சற்று ஒதுங்கி நடக்கிறான். இன்னும் சில நிமிடங்களில் சாகப்போகிறவன் காலை நனைக்க விரும்பவில்லை. நல்ல உயிரோடு இருக்கும் ஒரு மனிதனை அறுத்து எறிவது எவ்வளவு பெரிய தப்பு என்று அந்த ஒரு அடியில்தான் எழுதுபவருக்கு உறைக்கிறது. சிறை மேலதிகாரி அவசரப்படுத்துகிறார், இந்த வேலை முடிந்தால்தான் மற்றக் கைதிகளுக்குக் காலைச் சாப்பாடு. எல்லாம் முடிந்ததும் வெள்ளைக்காரரும் உள்ளூர்க்காரருமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு விஸ்கி குடிக்கிறார்கள்.

இதை வாசித்துவிட்டு, இதில் கொடூரமானவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் அகப்பட மாட்டார். ஆளாளுக்கு அவரவர் வேலையைச் செய்கிறார்கள். அந்த வேலைக்காரர்களில் தலைமை ஜெயிலராக வருபவர் பிரான்சிஸ் என்பவர். வெள்ளை உடுப்பு, தங்கக் கண்ணாடி. அவரை ஆர்வெல் ஒரு திராவிடர் என்று எழுதுகிறார். எல்லா ஏற்பாடும் ஒழுங்காக முடிந்துவிட்டது என்று மேலதிகாரியிடம் பணிவோடு சொல்பவர் அவர்தான்.

இரண்டாவது, 1936-ல் வெளிவந்த, ஒரு யானையைச் சுட்டது பற்றிய 'ஷூட்டிங் அன் எலிஃபண்ட்' (Shooting an Elephant) என்ற கட்டுரை. இடம் மோல்மீன். மதம் பிடித்த யானை ஒரு கூலித் தொழிலாளியை மிதித்துக் கொன்றுவிடுகிறது. அவரையும் திராவிடர் என்றே ஆர்வெல் குறிக்கிறார். பின்னால் 'கொரங்கி' என்ற பெயரும் வருகிறது. ஆந்திரக் கரையிலிருந்து வந்த கூலிகளை அப்படிச் சொல்வார்கள். போலீஸ் அதிகாரி போய்ப் பார்க்கும்போது யானை அமைதியாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. சுட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் பின்னால் இரண்டாயிரம் பேர் கூடி நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் கோமாளியாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சுடுகிறார். கடைசியில் அந்தக் கூலி செத்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்கிறார், ஏனென்றால் அந்தச் சாவுதான் அவர் யானையைச் சுட்டதற்குச் சட்டப்படி ஒரு காரணம் கொடுக்கிறது. ஒரு கூலியைவிட யானைக்குத்தான் மதிப்பு அதிகம் என்று இளம் வெள்ளைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். செத்தவருக்குக் கட்டுரை முழுக்கப் பெயரே இல்லை.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் கட்டுரையில் வரும் திராவிடர் ஒருவரைச் சாகடிக்கும் வேலைக்கு உதவுகிறார். இரண்டாவதில் வருபவர் செத்துப்போகிறார், அவர் உயிர் யார் கணக்கிலும் சேரவில்லை. இந்த நாட்டில் நாம் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறோம். இனி எடுக்கும் ஒவ்வொரு டிஸ்டோபியா நாவலையும் இந்த இரண்டு பேருடைய இடத்திலிருந்தும் ஒவ்வொரு முறை பாருங்கள். அடிபடுகிறவனோடு மட்டும் நின்று வாசித்தால் நமக்கு நாமே பாவப்பட்டு எழுந்துவிடுவோம். பிரான்சிஸின் இடத்தில் நின்று வாசிப்பது கஷ்டம்தான். அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: விலங்குப் பண்ணை, அதிலும் பால்

அடுத்தது 1945-ல் வந்த 'விலங்குப் பண்ணை'. பத்தே அத்தியாயம், சிறிய புத்தகம். தமிழில் க.நா.சு. மொழிபெயர்த்திருக்கிறார். ஆங்கிலத்தில் வாசிப்பதானால் செலவே இல்லை: ஆர்வெல் 1950-ல் இறந்தார், பல நாடுகளில் அவர் நூல்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, ப்ராஜெக்ட் குட்டன்பர்க் ஆஸ்திரேலியா தளத்தில் இதுவும் '1984'-உம் இலவசமாகக் கிடைக்கின்றன. கரண்ட் இருக்கும்போதே இறக்கி வைத்துவிடுங்கள். கையில் பிடித்து வாசிக்க ஆசைப்பட்டால் ரங்கூன் பான்சோடான் தெருவில் பழைய புத்தகக் கடைகளைத் துழாவிப் பாருங்கள்.

பண்ணை மிருகங்கள் முதலாளியைத் துரத்திவிட்டுத் தங்களைத் தாங்களே ஆளுகின்றன. பின்பு பன்றிகள் புதிய முதலாளிகளாகின்றன. இந்தச் சுருக்கம் தெரிந்த எல்லாரும் சொல்வது, புரட்சி ஏமாற்றப்பட்டது என்று. சரி. ஆனால் எப்போது? நாய்கள் பாய்ந்து கொல்லும் இடத்தைத்தான் பெரும்பாலோர் காட்டுவார்கள். அங்கே இல்லை. புரட்சி முடிந்த மறுநாளே கறந்து வைத்த பால் காணாமல் போகிறது. அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அறுவடை இருக்கிறது, வேலை இருக்கிறது. பிறகு ஆப்பிளும் பன்றிகளுக்கே என்று ஆகிறது. மூளை வேலை செய்கிறவர்களுக்கு இது தேவை, இல்லாவிட்டால் பழைய முதலாளி திரும்பி வந்துவிடுவான் என்று ஒரு விளக்கம் வருகிறது. மற்ற மிருகங்கள் ஒத்துக்கொள்கின்றன. பாலும் ஆப்பிளும்தான் கதையின் திருப்புமுனை என்று ஆர்வெலே ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். ரத்தம் சிந்துவதற்கு எத்தனையோ நாள் முன்பே, ஒரு வாளிப் பாலிலேயே எல்லாம் முடிந்துபோகிறது.

இந்தப் புத்தகத்தில் நான் அதிகம் யோசித்த பாத்திரம் பெஞ்சமின் என்ற கழுதை. பன்றிகள் அளவுக்கு அதற்கும் எழுத்து வாசிக்கத் தெரியும். சுவரில் எழுதிய சட்டங்கள் ராத்திரியோடு ராத்திரியாக மாறுவதும் அதற்குத் தெரிந்திருக்கும். வாசிக்கத் தகுந்ததாக எதுவும் இல்லை என்று சும்மா இருந்துவிடுகிறது. உழைத்து ஓய்ந்த அதன் ஒரே நண்பன் பாக்ஸர் குதிரையைக் கசாப்புக்காரன் வண்டியில் ஏற்றும்போதுதான், வண்டியில் எழுதியிருப்பதைச் சத்தம் போட்டு வாசிக்கிறது. அதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள், 'நமக்கெதற்கு' என்று ஒதுங்கியவர்கள் எல்லாரும் இந்தக் கழுதையிடம் சற்று நேரம் நிற்க வேண்டும்.

பயிற்சி: ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். இந்த அத்தியாயத்தில் யார் எதற்கு ஒத்துக்கொண்டார்கள்? பத்து வரி சேர்ந்ததும் அதைத் தனியாக வாசித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: 1984

1949-ல் வந்த இந்த நாவலையும் க.நா.சு. தமிழில் தந்திருக்கிறார். நடுவில் நாயகன் ஒரு தடை செய்யப்பட்ட நூலை வாசிக்கும் நீண்ட பகுதி வரும். புதியவர்கள் பாதிப் பேர் அங்கேதான் நிறுத்திவிடுவார்கள். முதல் தடவை அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போங்கள், ஒன்றும் குறையாது.

எல்லாரையும் கண்காணிக்கும் கேமராவையும், நாட்டை ஆளும் 'பெரிய அண்ணன்' என்ற தலைவரின் படத்தையும் எல்லாரும் பேசிவிட்டார்கள். நீங்கள் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தைக் கவனியுங்கள். அவன் வேலை பழைய செய்தித்தாள்களைத் திருத்துவது. அரசு சொன்னது பொய்யாகிவிட்டால், அது முன்பே சரியாகச் சொன்னது போலப் பழைய தாளை மாற்றி எழுதுவான். மனத்துக்குள் அரசை வெறுக்கிறவன்தான், ஆனாலும் வாழ்க்கையில் அவனுக்கு அதிக சந்தோஷம் தருவது அந்த வேலை. கெட்டிக்காரத்தனமாகச் செய்து முடித்ததில் ஒரு திருப்தி. அலுவலகத்தில் சொன்னதைச் செய்து சம்பளம் வாங்கும் எவரும் இந்த இடத்தில் இரண்டு முறை வாசிப்பார்கள்.

இன்னும் மூன்று இடங்களைக் குறித்து வையுங்கள். குண்டு விழுந்த தெருவில் ஒரு மனிதக் கை துண்டாகிக் கிடக்கும், அதை வின்ஸ்டன் காலால் சாக்கடைக்குத் தள்ளிவிட்டு நடப்பான். பிறகு, அரசை எதிர்க்கும் ரகசியக் கூட்டத்தில் சேருவதாக நினைத்து, தேவைப்பட்டால் ஒரு குழந்தையின் முகத்தில் அமிலம் ஊற்றவும் தயார் என்று வாக்குக் கொடுப்பான். நான் நல்ல பக்கத்தில் இருக்கிறேன் என்ற ஒரே நம்பிக்கையில் சொன்ன சம்மதம் அது. பின்னால் சித்திரவதை அறையில், நான் உங்களைவிட மேலானவன் என்று அவன் சொல்லும்போது இந்த வாக்கைத்தான் பதிவிலிருந்து போட்டுக் காட்டுவார்கள். மூன்றாவது, பக்கத்து வீட்டு பார்சன்ஸ். சொந்த மகளே காட்டிக்கொடுத்துச் சிறைக்கு வந்த மனிதர், என் பிள்ளையைச் சரியாக வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்படுவார்.

தினமும் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு எதிரியின் முகத்தைக் காட்டி இரண்டு நிமிடம் வெறுக்க வைக்கும் காட்சியும் உண்டு. அதில் பயங்கரம், நடிக்க வேண்டியிருக்கிறதே என்பது இல்லை. நடிக்க நினைத்துப் போனவனும் சில நொடிகளில் உண்மையாகவே கத்தத் தொடங்கிவிடுகிறான். இதை வாசிக்கும்போது நம் கையில் இருக்கும் போனை நினைக்காமல் இருக்க முடியாது. இந்த நாட்டில் வெறுப்பையும் வன்முறையையும் தூண்டத் தன் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018-ல் ஃபேஸ்புக் நிறுவனமே ஒப்புக்கொண்டது. நிறுவனத்தின் பொறுப்பு அது, தனியே இருக்கட்டும். அந்தப் பதிவுகளைப் பகிர்ந்த விரல்கள் வீட்டுத் திண்ணைகளில் இருந்தன. சாதாரண மனிதர்களுடைய விரல்கள்.

ஆர்வெல் பர்மாவைப் பற்றி மூன்று நாவல் எழுதினார், 'பர்மிய நாட்கள்', 'விலங்குப் பண்ணை', '1984' என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. கேட்டதும் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் வாசிக்கும்போது பேச்சைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்பு ஒரு காரணம், அதை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் எனக்கு அதே அளவு முக்கியம்: வெளியே ஒருவரைச் சுட்டிக்காட்டி 'இவர்தான் அவர்' என்று சொன்ன நிமிடமே நம்மைப் பற்றிய கேள்வி காணாமல் போய்விடுகிறது.

நான்காம் படி: சுகமாக இருக்கும் நரகம்

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (Brave New World) நாவல் 1932-ல் வந்தது. அங்கே அடி உதை இல்லை. குழந்தைகளைக் குப்பியில் வளர்த்து, எந்த வேலைக்குப் பிறக்கிறதோ அந்த வேலையையே விரும்பும்படி தூக்கத்தில் பழக்கிவிடுகிறார்கள். மனம் வாடினால் ஒரு மாத்திரை. மேல்படி, கீழ்படி என்று மனிதர்களைப் பிறப்பிலேயே பிரித்து, அவரவர் படியில் அவரவர் மகிழ்ச்சி என்று சொல்லும் அந்தப் பகுதியைத் தமிழர்களான நாம் மேம்போக்காக வாசிக்க முடியாது. சாதி என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' 1953-ல் வந்தது, தமிழில் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பு இருக்கிறது. தீயணைப்புக்காரர்கள் புத்தகங்களை எரிக்கும் கதை என்றுதான் எல்லாருக்கும் தெரியும். இது அரசாங்கத்தின் மேலிடத்திலிருந்து வந்தது அல்ல, ஜனங்கள் தாமாகவே வாசிப்பதை விட்டார்கள் என்று எரிக்கும் படையின் தலைவனே விளக்கும் பகுதியைத் தவறவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: வீட்டுப் பெரியவர்களோடு சேர்த்து வாசிப்பது

மார்கரெட் அட்வுட்டின் 1985 நாவலான 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (The Handmaid's Tale) புத்தகத்துக்கு வரும்போது கொஞ்சம் நிதானியுங்கள். மனிதர்கள் ஏற்கெனவே எங்காவது செய்யாத எதையும் அதில் சேர்க்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் பெண்கள் எல்லாரும் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்கள், அவர்களுடைய வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டுப் பணம் கணவர் கைக்குப் போகிறது. கதை சொல்லும் பெண்ணின் கணவன் நல்லவன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆறுதல் சொல்கிறான். அவளுக்கோ, இவனுக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லையோ என்று ஒரு சந்தேகம் வருகிறது. நாவலில் மற்ற எல்லாக் கொடுமைகளையும்விட இந்தச் சந்தேகம்தான் என்னைத் தொந்தரவு செய்தது. நேரடியாகத் தப்பு எதுவும் செய்யாத ஒருவன், தனக்கு வந்து சேர்ந்த லாபத்தை மறுக்கவில்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டில் வயதானவர்களிடம் பேசுங்கள். 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனதும், கடைகள் அரசுடைமையானதும், லட்சக்கணக்கில் நம்மவர்கள் கப்பலேறியதும் நினைவுள்ள பாட்டி தாத்தாக்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அந்த நாட்களில் யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்: கடைக்குச் சீல் வைத்தபோது பக்கத்துக் கடைக்காரர் என்ன சொன்னார், யார் வந்து பார்த்தார்கள், யார் பார்க்காதது போலப் போனார்கள், விட்டுப்போன வீட்டுக்கு யார் குடிவந்தார்கள். பதில் ஒரே மாதிரி இருக்காது.

பிறகு அதே கேள்வியை மறுபக்கமும் திருப்ப வேண்டும். 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம், வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் அது. சட்டப்படி எல்லாம் சரி. பலர் நிலத்தை விரும்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை, பணம்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. இருந்தாலும் அந்த விவசாயியின் வாசலிலிருந்து பார்த்தால் அது என்னவாகத் தெரிந்திருக்கும்? இதைப் பேசினால் நம் சமூகத்தை விட்டுக்கொடுப்பதாகச் சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1964-ஐப் பற்றி நாம் கேட்கும் கேள்விக்கு நியாயம் இருக்க வேண்டுமானால் இதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆறாம் படி: நாலு பேராகச் சேர்ந்து

தனியாக வாசித்தால் மனம் கனத்துப்போகும். நாலைந்து பேர் போதும், அதற்கு மேல் வேண்டாம். நம்மில் பலருக்குத் தமிழ் பேச வரும், வேகமாக வாசிக்க வராது. அதனால் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். பேசும்போது பர்மிய மொழி கலந்தால் திருத்தாதீர்கள், கருத்து வெளியே வரட்டும்.

முதல் கூட்டத்துக்கு ஏற்றது உர்சுலா லெ குவின் 1973-ல் எழுதிய, ஒமெலாஸ் என்ற நகரத்தைப் பற்றிய சிறுகதை (The Ones Who Walk Away from Omelas). நகரமே ஆனந்தத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஆனந்தம் நிலைக்க, ஒரு குழந்தை இருட்டறையில் அழுக்கிலும் பசியிலும் அடைபட்டே கிடக்க வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் நகரத்துப் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்கிறார்கள். அழுகிறார்கள், கோபப்படுகிறார்கள், பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள். சிலர் மட்டும் ஊரைவிட்டு நடந்துவிடுகிறார்கள். அவர்கள் போனதால் குழந்தைக்கு என்ன கிடைத்தது? இந்த ஒரு கேள்வியை நடுவில் போட்டுவிட்டு, ஒவ்வொருவரும் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் குறுக்கிடாமல் இருங்கள். நாம் வாங்கும் மலிவான சட்டை, நம் வீட்டில் வேலை செய்யும் சிறு பெண் என்று பேச்சு தானாகவே போகும். அப்படிப் போகும்போது யாரும் யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம், அவரவர் தன்னைப் பற்றி மட்டும் பேசட்டும் என்று முன்பே ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது.

பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 'விலங்குப் பண்ணை'யும் இந்தச் சிறுகதையும் போதும். '1984'-இன் கடைசிப் பகுதி கடுமையானது, பெரியவர்கள் முதலில் வாசித்துவிட்டுக் கொடுங்கள். யாராக இருந்தாலும் இரண்டு டிஸ்டோபியா நாவல்களை அடுத்தடுத்து எடுக்காமல், நடுவில் வேறு ஏதாவது வாசியுங்கள்.

ஏழாம் படி: இரண்டு பக்கம் எழுதிப் பார்ப்பது

வாசிப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிய, சொந்தமாக ஒரு சிறு கதை எழுதுங்கள். பெரிய போரோ பறக்கும் வண்டியோ வேண்டாம். ஒரே ஒரு விதியைக் கற்பனை செய்யுங்கள், இன்றைக்குப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும் விதி. உதாரணமாக, தெருவில் ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டுக்கு மாதம் ஒரு மதிப்பெண் போட வேண்டும், அதிக மதிப்பெண் வாங்கும் வீட்டுக்குக் கரண்ட் கூடுதலாக இரண்டு மணி நேரம். அந்த விதியால் பாதிக்கப்படுகிறவரை நாயகனாக வைக்காதீர்கள். லாபம் அடையும் வீட்டுக்காரரை வையுங்கள், அன்பான தகப்பனாக, கோயில் காரியங்களுக்கு முன்னால் நிற்பவராக வையுங்கள். அவர் முதல் மதிப்பெண்ணைப் போடும் சாயங்காலத்தை மட்டும் எழுதுங்கள். அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் காரணம் வாசிக்கிறவருக்கும் சரி என்று படும்வரை திருத்துங்கள். எழுதி முடித்ததும் குழுவில் வாசித்து, அவர் இடத்தில் இருந்திருந்தால் எத்தனை மதிப்பெண் போட்டிருப்பீர்கள் என்று எல்லாரிடமும் ஒரு துண்டுத் தாளில் பெயரில்லாமல் எழுதி வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாள்களை வைத்தே பேசத் தொடங்கலாம்.